நம்மவர் என்பதற்காக: திருவனந்தபுரத்துத் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

வலியசாலையிலும் கரமனையிலும் சாலைக் கடைத்தெருவிலும் பிறந்து வளர்ந்தவர்கள், கழக்கூட்டம் டெக்னோபார்க் வேலைக்காக நாகர்கோவிலிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்து வாடகை வீடுகளில் தங்கியிருப்பவர்கள், சட்டக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கிறவர்கள், உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். நேரில் பேசினால் பாதியிலேயே வாக்குவாதமாகிவிடுகிறது. எழுத்தில் இருந்தால் நிதானமாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவீர்கள் என்று நம்புகிறேன்.

கொஞ்ச காலமாக உங்கள் பேச்சில் ஒரு வாசகம் அடிக்கடி காதில் விழுகிறது: "இந்த ஊருக்கு இன்னொரு சி.பி. வந்தால்தான் சரிப்படும்." செக்ரட்டேரியட் வாசலில் சமரம், பாளையத்தில் ஊர்வலம், திடீரென்று ஒரு ஹர்த்தால், மேசைக்கு மேசை நகராத கோப்பு. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் சொல்கிறீர்கள். கெட்டிக்காரர் ஒருவர் கையில் பத்து வருஷத்துக்கு எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டால் போதும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும் என்கிறீர்கள். சொல்லும்போது உங்கள் குரலில் ஒரு பெருமையும் தட்டுப்படுகிறது. சி.பி. நம்மவர், வந்தவாசியில் பிறந்த தமிழர், இந்த ஊரையே ஆட்டிப்படைத்தவர் என்ற பெருமை.

அவரைக் குறைத்துப் பேசி இந்த விவாதத்தை நான் ஜெயிக்கப் பார்க்கவில்லை. சர் சி.பி. ராமசாமி ஐயர் 1936 அக்டோபரில் திருவிதாங்கூர் திவானாகப் பதவியேற்றார். 1947 ஆகஸ்ட் வரை அந்த நாற்காலியில் இருந்தார். ஏறிய சில வாரங்களில், நவம்பர் 12-ஆம் தேதி, கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. 1937-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம். 1938-இல் அரசாங்க பஸ் சர்வீஸ். இங்கிருந்து கன்னியாகுமரிக்குச் சிமெண்டு சாலை. 1940-இல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம். 1943-இல் ஆலுவாவுக்குப் பக்கத்தில் உரத் தொழிற்சாலைக்காக ஃபாக்ட் கம்பெனி. 1944-இல் தூக்குத் தண்டனையையே ஒழித்தது அந்த ஆட்சி. வேறெந்தச் சமஸ்தானத்திலும் ஒரே திவான் காலத்தில் இத்தனை நடந்ததா என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. அவருடைய இளமைக் காலமும் மதிக்கத் தக்கது. அன்னி பெசன்ட்டோடு ஹோம் ரூல் இயக்கத்தில் நின்றவர். 1917-இல் பெசன்ட் அம்மையாரை மதராஸ் அரசாங்கம் காவலில் வைத்தபோது அதை எதிர்த்து உழைத்தவர்களில் ஒருவர். விசாரணையில்லாமல் ஒருவரை அடைத்துவைப்பது அநியாயம் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவர் கையில் அதிகாரம் வந்தது. அது என்ன மாதிரி அதிகாரம் என்பதைக் கவனியுங்கள். திருவிதாங்கூரில் சட்டசபை இருந்தது. 1888-லேயே தொடங்கியது, இந்தியச் சமஸ்தானங்களில் அதுதான் முதல். ஆனால் அந்தச் சபைக்குத் தலைமை தாங்கியவரே திவான். உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம், வேண்டுகோள் வைக்கலாம். திவானை வீட்டுக்கு அனுப்ப மட்டும் முடியாது. அவர் பதில் சொல்ல வேண்டியது மகாராஜா ஒருவருக்குத்தான்.

1938 பிப்ரவரியில் பட்டம் தாணுப்பிள்ளையைத் தலைவராகக் கொண்டு ஸ்டேட் காங்கிரஸ் பிறந்தது. மக்களுக்குப் பதில் சொல்லும் ஆட்சி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஆகஸ்ட் மாதமே அந்த அமைப்பு தடை செய்யப்பட்டது. மாதக் கடைசியில் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு. செப்டம்பரில் மலையாள மனோரமாவின் அனுமதி ரத்தாகி, பத்திரிகை அலுவலகம் பூட்டப்பட்டது. அதன் ஆசிரியர் கே.சி. மாம்மன் மாப்பிள்ளை சம்பந்தப்பட்டிருந்த திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பாங்க் அதே ஆண்டு மூடப்பட்டது. பல ஊர்களில் சேமிப்புப் போட்டிருந்தவர்கள் தவித்தார்கள். ஆசிரியர் சிறைக்குப் போனார். பத்திரிகை திருவிதாங்கூரில் மறுபடி வெளிவர 1947 நவம்பர் ஆயிற்று. சி.பி. போன பிறகு.

அக்டோபர் 23-ஆம் தேதி தம்பானூரில் கூடிய பெருங்கூட்டத்தைக் கவடியார் அரண்மனையை நோக்கி நடத்திப் போனவர் அக்கம்மா செறியான். பள்ளிக்கூட ஆசிரியை வேலையை விட்டுவிட்டு வந்த இளம்பெண். சுடச் சொல்லி உத்தரவு வந்தபோது, முதலில் என்னைச் சுடுங்கள் என்று முன்னால் வந்து நின்றார். அவர் சிலை வெள்ளயம்பலத்தில் இருக்கிறது. உங்களில் பலர் தினமும் பைக்கில் அந்த வழியாகத்தான் போகிறீர்கள். ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். எந்த ஆட்சி திரும்பி வரவேண்டும் என்கிறீர்களோ, அந்த ஆட்சியின் துப்பாக்கிக்கு முன்னால் நின்றவர் அவர்.

இதெல்லாம் சி.பி.யின் குணக்கோளாறா? அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபம். நான் அதை நம்பவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர்களைப் பாருங்கள். 1910 செப்டம்பர் 26 அன்று சுதேசாபிமானி பத்திரிகையின் அச்சகத்துக்குப் போலீஸ் வந்தது. ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை நெய்யாற்றின்கரைக்காரர், முப்பத்திரண்டு வயது. அப்போதைய திவான் பி. ராஜகோபாலாச்சாரியைத் தொடர்ந்து கண்டித்து எழுதிவந்தார். அந்தத் திவானும் மதராஸிலிருந்து வந்த தமிழர்தான். குற்றப் பத்திரிகை கிடையாது, விசாரணை கிடையாது, நீதிபதி முன்னால் நிறுத்தவும் இல்லை. மகாராஜாவின் கையெழுத்தோடு ஓர் உத்தரவு: அச்சகம் பறிமுதல், ஆசிரியர் நாடு கடத்தல், மறு உத்தரவு வரும்வரை உள்ளே வரக்கூடாது. தெற்கு எல்லை தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அந்த மறு உத்தரவு வரவேயில்லை. 1916-இல் கண்ணூரில் இறந்துபோனார். பத்திரிகையின் உரிமையாளர் வக்கம் மௌலவி, பறிபோன அச்சகத்துக்காக மன்னிப்புக் கேட்டு அரண்மனை வாசலில் போய் நிற்கவில்லை. திவான்கள் மாறினார்கள். குணமும் திறமையும் ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் பிடிக்காதவனை ஒரே கையெழுத்தில் இல்லாமல் ஆக்கும் வசதி அந்த நாற்காலியிலேயே இருந்தது. உட்கார்ந்தவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள்.

"கோயில் கதவைத் திறந்தாரே, அதற்கு அந்த அதிகாரம் வேண்டியிருந்ததே" என்று கேட்பீர்கள். உங்களுடைய வலுவான வாதம் அதுதான். பிரகடனத்தில் கையெழுத்துப் போட ஒரு பேனா போதுமாயிருந்தது. ஆனால் அந்தக் கையெழுத்து அந்த இடத்துக்கு வந்துசேர அரை நூற்றாண்டு பிடித்தது. 1888-இல் அருவிப்புறத்தில் நாராயண குரு சிவலிங்கம் நிறுவினார். 1893-இல் வெங்ஙானூர் அய்யன்காளி, தம் சாதிக்கு மறுக்கப்பட்ட பொதுச் சாலையில் வில்வண்டி பூட்டிக்கொண்டு போனார். 1924-இல் வைக்கம் போராட்டம். அங்கே நம் பெரியார் இரண்டு முறை சிறைப்பட்டார். இரண்டாம் முறை நான்கு மாதக் கடுங்காவல் என்று தீர்ப்பாகி, இதே திருவனந்தபுரம் மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார். சட்டத்தை மீறிச் சமரம் செய்த இவர்களையெல்லாம் அன்றைய அதிகாரம் என்ன பார்வை பார்த்ததோ, அதே பார்வையைத்தான் நீங்கள் இன்று செக்ரட்டேரியட் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல் வீசுகிறீர்கள்.

மேலிருந்து தயவாகக் கிடைக்கும் உரிமையின் அளவு எவ்வளவு என்பதற்கும் நம் மக்களிடமே சாட்சி இருக்கிறது. நாகர்கோவில் வட்டாரத்து நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். சந்தைகளில் அவர்கள் ரவிக்கையைக் கிழித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். 1859-இல் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. மார்பை மறைத்துக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது. அப்போது திவான் டி. மாதவராவ். கும்பகோணத்துக்காரர், கெட்டிக்காரர் என்று இந்தியா முழுக்கப் பெயரெடுத்தவர். செக்ரட்டேரியட்டுக்கு எதிரே நிற்பது அவர் சிலைதான். அதனால்தான் அந்த இடத்துக்கு ஸ்டாச்சூ என்று பெயர். ஒரு பெண் தன் உடம்பின் மேல் துணியை எந்த மாதிரி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அரண்மனை அளந்து கொடுத்தது. தயவாக வந்தது அளந்துதான் வரும்.

இனி 1946-க்கு வருகிறேன். வெள்ளைக்காரன் கிளம்புகிற நேரம். ஜனவரியில் சி.பி. ஓர் அரசியலமைப்புத் திட்டத்தை முன்வைத்தார். வயது வந்த எல்லோருக்கும் வாக்கு உண்டு, சபை உண்டு; ஆனால் நிர்வாகத் தலைவராகத் திவான் தொடர்வார், சபை எந்தத் தீர்மானம் போட்டாலும் அவரை இறக்க முடியாது. இதற்கு அமெரிக்க மாடல் என்று பெயர் வைத்தார். "அமெரிக்கன் மோடல் அரபிக்கடலில்" என்று தொழிலாளர்கள் கோஷம் போட்டார்கள். அக்டோபரில் ஆலப்புழைப் பக்கம் கயிற்றுத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் கிளர்ந்தெழுந்தார்கள். 24-ஆம் தேதி புன்னப்ரை, 27-ஆம் தேதி வயலார். வாரிக்குந்தம் என்ற மர ஈட்டியோடு நின்றவர்கள் மேல் பட்டாளம் சுட்டது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கில் இன்றுவரை ஒற்றுமை இல்லை. நூற்றுக்கணக்கில் என்பதில் சந்தேகமும் இல்லை. விசாரித்துத் தூக்கில் போடுவதை 1944-இல் நிறுத்திய அதே அரசாங்கம் இது. அந்த இரண்டு உத்தரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மனிதரின் அறிவிலிருந்து வந்தவை. முதலாவதை அவருடைய மனசாட்சி பிறப்பித்தது. இரண்டாவதை நிறுத்தச் சொல்ல நாட்டில் யாருக்கும் அதிகாரமில்லை.

1947 ஜூனில் திருவிதாங்கூர் தனிநாடு என்று அறிவித்தார். ஜூலை 25 இரவு, தைக்காட்டு சுவாதித் திருநாள் சங்கீத அகாடமியில் செம்மங்குடி சீனிவாச ஐயர் கச்சேரி. சி.பி. எழுந்து போகும்போது விளக்கு அணைந்தது, கே.சி.எஸ். மணி என்ற இளைஞர் வெட்டுக்கத்தியால் வெட்டினார். சி.பி. முகத்தில் காயத்தோடு உயிர் தப்பினார். சில நாட்களில் இந்தியாவோடு இணைய மகாராஜா சம்மதித்தார். ஆகஸ்ட் 19-ஆம் தேதி சி.பி. பதவியை விட்டார்.

அந்த வெட்டை நான் கொண்டாடமாட்டேன். இங்கே சிலர் கொண்டாடுகிறார்கள். அது எனக்கு வருத்தம். இருட்டில் ஒரு கிழவரை வெட்டுவது வீரமும் இல்லை, அரசியலும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் என்னென்ன வழிகள் அடைபட்டிருந்தன என்று எண்ணிப் பாருங்கள். பத்திரிகை இல்லை. கட்சிக்குத் தடை. சபைக்குப் பல்லில்லை. கோர்ட்டும் அரண்மனையின் கீழ். ஒருவரை நாற்காலியிலிருந்து இறக்க ஒழுங்கான படிக்கட்டு ஒன்றைக்கூட விட்டுவைக்காத ஆட்சியில், வெட்டுக்கத்திக்கும் வழி அந்த ஆட்சியே விட்டதுதான். அதிகாரத்துக்கு வரம்பு கட்டுவது ஆளப்படுகிறவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். ஆளுகிறவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

இப்போது சொல்லப்போவது நமக்கு நெருக்கமான கதை. உங்களில் பாதிப்பேர் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா என்று சந்தேகம். சி.பி.யை எதிர்த்துச் சிறை சென்ற பட்டம் தாணுப்பிள்ளை 1954 மார்ச்சில் திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சரானார். பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தது. தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் தமிழர்கள் மேல் நெருக்கடி. ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் போன தமிழர்கள் மேல் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. உத்தரவிட்ட ஆட்சியின் தலைமை இதே செக்ரட்டேரியட்டில் இருந்தது. 1938-இல் யாருடைய துப்பாக்கியை எதிர்த்துப் பட்டம் இயக்கம் கட்டினாரோ, அந்த நாற்காலியில் அமர்ந்த ஐந்தாம் மாதம் அவருடைய ஆட்சியிலும் அதே வேலை நடந்தது.

அப்போது ராம் மனோகர் லோகியா அந்தக் கட்சியின் பொதுச் செயலாளர். உத்தரப்பிரதேசத்தில் சிறையில் இருந்தார். அங்கிருந்து தந்தி அடித்தார்: மந்திரிசபை ராஜிநாமா செய்ய வேண்டும், விசாரணை நடக்க வேண்டும். நாட்டில் அந்தக் கட்சிக்குக் கிடைத்திருந்த ஒரே ஆட்சி அது. நம்மவர் ஆட்சி ஆயிற்றே என்று அவர் பார்க்கவில்லை. பட்டம் மறுத்தார். கட்சி உடைந்தது. லோகியா தனிக்கட்சி கண்டார். செத்தவர்கள் அவருடைய மொழிக்காரர்கள் இல்லை, அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் இல்லை. குமரி மாவட்டத்துத் தமிழர்கள் லோகியாவை இன்னும் கொஞ்சம் அதிகமாக நினைத்துப் பார்க்கலாம் என்பது என் ஆதங்கம்.

பட்டத்துக்கு என்ன ஆனது? 1955 பிப்ரவரியில் சட்டசபையில் பெரும்பான்மை இழந்து இறங்கினார். யாரும் கத்தியைத் தூக்கவில்லை. உறுப்பினர்கள் கையைத் தூக்கினார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1960-இல் பட்டம் மறுபடியும் முதலமைச்சரானார், இம்முறை கேரளத்துக்கு. சி.பி. எவ்வளவு பெரிய மூளைக்காரராக இருந்தும் அவருக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு கிடைக்கவில்லை. இறக்க முடிந்தவரைத்தான் மக்கள் மறுபடி ஏற்றத் துணிகிறார்கள்.

இன்னொன்றும் சுருக்கமாக. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 அதிகாலை, கோழிக்கோடு வட்டார எஞ்சினியரிங் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துப் போனது. கக்கயம் முகாமில் செத்தார். உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அப்பா ஈச்சர வாரியர் இந்தி ஆசிரியர். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். ஆட்கொணர்வு மனுப் போடக்கூட வழியில்லை. நெருக்கடி நிலையில் அந்த உரிமை கிடையாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே நான்குக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. மறுத்த அந்த ஒருவர் எச்.ஆர். கன்னா. நெருக்கடி நிலை நீங்கிய சில நாட்களில், 1977 மார்ச் 25-இல் வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். ஒரு மாதம் கழித்து முதலமைச்சர் கருணாகரன் ராஜிநாமா செய்தார். ஓராண்டாக எந்தக் கதவும் திறக்கவில்லை. கதவு திறந்ததும் ஒரு மாதம் போதுமாயிருந்தது. இடையில் போனது ஒரு பையனின் உயிரும் ஒரு தகப்பனின் மீதி வாழ்க்கையும். கருணாகரன் பிற்காலத்தில் மறுபடி முதலமைச்சராக வந்தார் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஹர்த்தாலால் நீங்கள் படும் தொல்லை எனக்குத் தெரியாததில்லை. கடையை மூடு என்று மிரட்டுகிற கூட்டமும் வரம்பில்லாத அதிகாரம்தான். சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் நம்மவர்களைக் கேளுங்கள். சரக்கைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி கேட்ட நோக்குகூலியைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். அதை நிறுத்த ஒரு சி.பி. வரவில்லை. பந்த் சட்டவிரோதம் என்று 1997-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. நோக்குகூலியை 2018 மே முதல் அரசாங்கம் தடை செய்தது. தடை முழுசாகப் பலித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. கேட்க ஓர் இடம் இருக்கிறது.

அரசாங்கத்தின் கையும் இன்று சும்மா இருப்பதில்லை. 2020 நவம்பரில் கேரளப் போலீஸ் சட்டத்தில் 118ஏ என்று ஒரு பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தார்கள். ஒருவரை அவமதிக்கும் விதமாக எதையாவது வெளியிட்டால் மூன்று வருஷம்வரை சிறை. கொண்டுவந்தது வயலார் தியாகிகளுக்கு ஆண்டுதோறும் மாலை போடும் கட்சியின் ஆட்சி. எதிர்ப்பு எழுந்தது; சொந்தக் கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு. ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நீங்கள் போனில் தினமும் முதலமைச்சரையும் பிரதமரையும் திட்டி எழுதுகிறீர்களே, அது அந்த ஒரு வாரம் சத்தம் போட்டவர்கள் காப்பாற்றிக் கொடுத்தது.

2025 பிப்ரவரி 10-ஆம் தேதி ஆஷா தொழிலாளிகள் செக்ரட்டேரியட் வாசலில் உட்கார்ந்தார்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கேட்டார்கள். மழைக்குக் கட்டிய தார்ப்பாயைப் போலீசார் ஓர் இரவு அவிழ்க்க வைத்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் இருந்தார்கள். ஐம்பதாவது நாள் தங்கள் தலைமுடியை வெட்டிக்கொண்டார்கள். பல மாதம் இருந்து கேட்டது முழுசாகக் கிடைக்காமல்தான் வாசலை விட்டுப் போனார்கள். உங்களில் ஒருவர் அப்போது என்னிடம் சொன்னார், "இதுங்களாலதான் ஆபீசுக்கு லேட்." அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். கோவிட் காலத்தில் வீடு வீடாக வந்து காய்ச்சல் கணக்கெடுத்தவர்கள் இந்தப் பெண்கள்தான். சி.பி. காலத்தில் அந்த இடத்தில் அவர்கள் ஒரு நாள்கூட உட்கார்ந்திருக்க முடியாது. உங்கள் பஸ்ஸும் நேரத்துக்குப் போயிருக்கும். இந்த இரண்டில் எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு எது வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

சட்டம் படிப்பவர்கள் 1946 திட்டத்தில் திவானைப் பற்றி எழுதியிருந்ததைத் தேடிப் படியுங்கள். மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுப் பாட்டியிடம் 1954 பற்றிக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். எனக்குப் பதில் எழுதுங்கள். என்னோடு உடன்படாதவர்கள் கண்டிப்பாக எழுதுங்கள்.

அன்புடன்,
சாலைக் கடைத்தெருவிலிருந்து
உங்கள் மூத்த தமிழர் ஒருவர்